நெற்றிக்காசு

முத்துலட்சுமியின் நெற்றியில் ஒட்டியிருந்தது ரூபாய் இல்லை என்பது, கண்ணம்மாபேட்டை சுடுகாட்டில் அவள் புருஷன் வெள்ளைத்துரைக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் குளிப்பாட்டி மஞ்சள் பூசிய பிறகு, நெற்றியில் வைக்கக் காசு கேட்டார்கள். அவருடைய அக்கா பேச்சியம்மாள் பீரோவைத் திறந்தாள். தலை போட்ட வெள்ளி வட்டம் ஒன்று கையில் அகப்பட்டது. ராஜா காலத்து ரூபாய் என்று நினைத்து, சந்தனம் தடவி ஒட்டிவிட்டாள்.

ராஜாவாவது மந்திரியாவது! அமெரிக்க ஜனாதிபதியின் தலை அது. மனிதன் நிலாவில் கால் வைத்ததற்காக அடித்த பதக்கம். யாரோ ஒரு அமெரிக்கருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது.

இப்படி அவர் சேர்த்துவைத்திருந்த பதக்கப் பெட்டியைச் சக்களத்தி என்பாள் முத்துலட்சுமி. விரல் ரேகை பதிந்துவிடும் என்று அவளை அவர் தொடவே விட்டதில்லை.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். செத்தவள் நெற்றியிலிருந்து பிடுங்குகிறான் என்று நாலு பேர் காறித் துப்புவார்கள். அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஈரச் சந்தனம் வெள்ளியைக் கெடுக்குமே என்று ஒரு கவலை. இந்த நேரத்தில் இப்படி ஒரு கவலையா என்று தன்மேலேயே அருவருப்பு.

“பாவம், பொண்டாட்டியை விட்டுக் கண்ணை எடுக்கலையே மனுஷன்” என்று யாரோ அழுதார்கள்.

நெற்றிக்காசு வெட்டியானுக்குச் சேர வேண்டியது. அதுதான் முறை. சிதையில் கிடத்தியதும் அவன் அதைப் பெயர்த்தெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா சார் இது? நம்ம ஊரு துட்டே இல்ல. டீக்கடைல கூட வாங்க மாட்டான். வேற குடு.”

வெள்ளைத்துரை அவசர அவசரமாக மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். பதக்கம் கைக்கு வந்தது. போன உயிர் திரும்பி வந்தது. துண்டு நுனியால் சந்தனத்தை ஒற்றி எடுத்தார். ஓரத்தில் கீறல் இல்லை. நிலாப் பக்கமும் பழுதில்லை.

முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டியான் கூவியது எங்கோ கேட்டது.

நிமிர்ந்தபோது முகத்தின் மேல் வரட்டி அடுக்கியாகிவிட்டது.

காலையிலிருந்து அவள் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வரட்டியை ஒரு நிமிஷம் எடுக்கச் சொல்ல நினைத்தார். அதற்குள் கொள்ளியைக் கையில் கொடுத்து, தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, முதுகுப்புறமாக வைக்கச் சொன்னார்கள்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள்.