இத்தாலிக்குப் போட்ட போன்

"எங்க வீட்டுத் திராட்சை, அங்கிள்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒயின் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தான் லூக்கா.

பாட்டிலின் கழுத்தில் பாதி உரிந்த கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என் கண் நேராக அங்கேதான் போனது.

சொந்தத் தோட்டத்து ஒயினை எவனாவது இங்கே நியூ ஜெர்சியில், எடிசன் ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்குவானா? பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன் இளநீரை ரோட்டோரத்தில் வாங்குவானா?

கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஒரே மகள். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இந்த மதியச் சாப்பாடு முடிவதற்குள் நான் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லியாக வேண்டும்.

என் மனைவி சாந்தி அவன் தட்டில் பள்ளிபாளையம் சிக்கனை அள்ளி வைத்தாள். அவளுக்கென்ன, பையன் சிரித்தாலே போதும். தங்கமான பையன் என்று போன மாதமே சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டாள்.

அவன் கையால் பிசைந்து சாப்பிட்டான். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. யார் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறானோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாவல் பழ வாசனை. தொண்டையைக் கிள்ளவே இல்லை, சுலபமாக இறங்கியது. இவ்வளவு சுலபமாக இறங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

லேபிளில் ஒரு கல் வீடு. நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் என்று கீழே எழுதியிருந்தது. இத்தாலியில் அப்ருட்சோ மலைப்பக்கமாம். அப்பா, அம்மா, மூன்று பையன்கள், அதில் இவன் கடைக்குட்டியாம். எல்லாம் இவன் வாயால் சொன்னது. வாய் வார்த்தையை நம்பிப் பெண் கொடுக்கிற ஆளா நான்?

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் யாரும் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள். அந்த ஊர் டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், குடும்பத்தின் வண்டவாளம் மொத்தமும் வந்து விழும். இத்தாலிக்கு நான் யாரை அனுப்ப? பக்கத்து ஊர் ஐசலின் மளிகைக்கடைக்காரரையா?

அதனால் நானே விசாரித்தேன்.

முதலில் அவர்களுடைய வெப்சைட்டைத் தேடிப் பிடித்தேன். குடும்பப் படத்தில் பெரியவர், அந்தம்மா, இரண்டு மகன்கள், ஒரு நாய். நாய்க்குக்கூட இடம் இருந்தது. இவன் இல்லை.

அப்புறம் வியாழக்கிழமை காலையில் போன் போட்டேன். நியூ ஜெர்சியில் ஒயின் இறக்குமதி செய்கிறவன் என்று ஒரு பொய். பெரியவரே எடுத்தார். அவருடைய அரைகுறை ஆங்கிலமும் என்னுடைய பொள்ளாச்சி ஆங்கிலமும் எப்படியோ ஒத்துப்போயின. குடும்பமாகத்தான் தொழில் நடக்கிறதா, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

இரண்டு பேர் என்றார்.

மாட்டினான்டா என்று நினைத்துக்கொண்டேன். சாந்தியிடம்கூட மூச்சு விடவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பொத்தி வைத்திருந்தேன்.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தம்பி, நான் உங்க அப்பாகிட்ட பேசினேன். அவருக்கு ரெண்டே பசங்கதானாமே. அப்ப நீங்க யாரு?"

சாந்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஐயோ, என்னங்க இது!" என்றாள்.

"அப்பா! ஆர் யூ சீரியஸ்?" கயல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

நான் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழுப்புவானா, கோபப்படுவானா, எழுந்து ஓடுவானா. எது வந்தாலும் பதில் தயாராக இருந்தது.

அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"பேசினீங்களா? அவரே எடுத்தாரா? குரல் எப்படி இருந்துச்சு, அங்கிள்? இருமினாரா?"

நான் கயலைத் திரும்பிப் பார்த்தேன்.

கயல்தான் பேசினாள். "என்னைப் பத்தி இவன் வீட்ல சொன்ன அன்னைக்கே இவங்கப்பா இவனை வேண்டாம்னுட்டாருப்பா. ஒன் இயர் ஆச்சு. கால் பண்ணா எடுக்கறதே இல்ல. போட்டோவைக் கூட மாத்திட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் நோ சொல்லிடுவீங்கன்னுதான் சொல்லல. இந்த பாட்டில்கூட கடை கடையா ஏறி இவன் தேடி வாங்கினது."

எனக்குக் கூசிப்போயிற்று. நான் சொல்லலாம் என்று நாக்கு நுனியில் வைத்திருந்ததும் அதே 'வேண்டாம்'தான்.

லூக்கா இன்னும் என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"இருமல," என்றேன். "நல்லாத்தான் பேசினார்."

அந்தப் பேச்சில் ஒன்றை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் என்று சொன்ன பிறகும் பெரியவர் போனை வைக்கவில்லை. சரக்கைப் பற்றியும் பேசவில்லை. நியூ ஜெர்சியில் இப்போது ரொம்பக் குளிரா என்று கேட்டார். ஒயின் விற்கிற மனுஷருக்கு எங்கள் ஊர்க் குளிர் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

லூக்கா தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று குனிந்தபடியே கேட்டான்.

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

"நாளைக்குக் காலையில மறுபடி கூப்பிட்டுச் சொல்றேன். இந்தத் தடவை பொய் கிடையாது. சம்பந்தி பேசறேன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கப் போறேன்."

எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது, சம்பந்தி மட்டும் தமிழில்தான் வந்தது. அவனுக்குப் புரியவில்லை. கயல் திடீரென்று ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று பயந்துபோய், அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.