விருந்தாளிகள் போகும் வரை

வேற்றுக்காட்டு ராஜாக்கள் வியாபாரம் பேச வருகிறார்கள் என்றதும், சிங்கராஜா நரியை அனுப்பியது. நரி நேராகச் சாம்பி என்ற கழுதையிடம் வந்தது.

“சுமை தூக்குறவங்களுக்கு மத்தியானம் ஓய்வு வேணும்னு சங்கம் சேர்க்கப் பார்த்தது நீதானே?”

“ஆமாங்கய்யா. கேட்டது தப்புங்களா?”

“தப்பில்லை. விருந்தாளிங்க காதுல விழக்கூடாது. அவங்க போற வரைக்கும் உள்ளே இரு.”

வீட்டில் விட்டுவந்த தன் குட்டியை நினைத்தபடியே சாம்பி நரியின் பின்னால் நடந்தது. ஆனால் காவல் கொட்டடிக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றது. செக்குமாடு, வண்டிக்குதிரை, ஒட்டகம் என்று ஓய்வு கேட்ட அத்தனையும் அங்கே அடைபட்டிருந்தன. வெளியே நாலு பேர் சேர்ந்து நிற்கவே தடை என்பதால், அவை எல்லாம் ஒன்றுகூடிப் பேசியதே இல்லை.

நரி கதவைப் பூட்டிவிட்டுப் போனது.

“எல்லாரும் வந்தாச்சா?” என்றது ஒட்டகம். “அப்ப கூட்டத்தை ஆரம்பிக்கலாம்.”