லிஸ்பன் மாப்பிள்ளை

லெமுவேல் கார் என்ற இளைஞனை ஒழித்துக்கட்ட செனட்டர் ஹாசர்டுக்கு இன்று ஒரே ஒரு சொல் போதும். 'இல்லை.'

ஃபிலடெல்ஃபியாவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு செனட் கூடியிருந்தது. லிஸ்பன் நகரத்துக்கு அமெரிக்கத் தூதராக லெமுவேலின் பெயரை ஜனாதிபதி அனுப்பியிருந்தார். செனட் சம்மதித்தால்தான் பதவி.

பக்கத்து நாற்காலி செனட்டர் கோர்லிஸ் குனிந்து கிசுகிசுத்தார்.

"உம்ம பொண்ணு டார்கஸைக் கேட்டு வந்த பயதானே? 'அரசாங்க உத்தியோகம் இல்லாதவனுக்குப் பொண்ணு கிடையாது'ன்னு விரட்டினீரே. இப்ப அந்த உத்தியோகமும் உம்ம கையில. நல்லா மாட்டினான்!"

ஹாசர்டின் கை சட்டைப்பைக்குள் இருந்த கடிதத்தைத் தடவியது. காலையில் நியூபோர்ட்டிலிருந்து வீட்டுக் கடிதம் வந்ததிலிருந்தே இப்படித்தான். எப்போதும் மகள்தான் எழுதுவாள். இந்த முறை மேல்விலாசம் மனைவியின் கையெழுத்தில் இருந்தது.

"என்னய்யா, வீட்டம்மா சிபாரிசா?" கோர்லிஸ் விடவில்லை. "கலங்கரை விளக்க மசோதாவை ஒரு வாரமா கிழிகிழின்னு கிழிச்சீர். இன்னிக்கு அதுக்கும் தலையாட்டிட்டீர். உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

எழுத்தர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஹாசர்டின் முறை வந்தது. அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத்தர் தாண்டிப்போனார்.

எண்ணிப் பார்த்தால் பதினொன்றுக்குப் பதினொன்று.

"மிஸ்டர் ஹாசர்ட்?"

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோர்லிஸ் முழங்கையால் இடித்தார்.

"ஆம்," என்றார் ஹாசர்ட்.

கோர்லிஸ் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

ரகசியக் கூட்டம்தான். ஆனாலும் கதவு திறப்பதற்குள் லெமுவேலின் காதுக்கு எல்லாம் எட்டியிருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஐயா! ஒரே ஓட்டு... அதுவும் உங்க ஓட்டாமே! நாளைக்கே நியூபோர்ட் கிளம்பறேன். டார்கஸ்கிட்ட நானே சொல்லணும். கல்யாணத்தை முடிச்சு, அவளையும் கூட்டிட்டே போயிடறேன்!"

"லிஸ்பனுக்குக் கப்பல் எப்போ?"

"இன்னிக்குச் சாயங்காலம் ஒண்ணு இருக்கு. அதை விட்டா இன்னும் ஒரு மாசம். நாங்க அடுத்ததுல போறோம்."

"வேண்டாம்ப்பா. இன்னிக்கே ஏறு. முதல்ல போய் ஒரு வீடு பாரு."

"வீடா?" அவன் முகம் மலர்ந்தது. "சரிங்க ஐயா... இல்ல, மாமா!"

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கித் துறைமுகத்தைப் பார்த்து ஓடினான்.

கோர்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "கில்லாடி ஐயா நீர்! பொண்ணைக் கண்ணுல காட்டாமலே பயலைக் கடல் தாண்டி அனுப்பிட்டீரே! உண்மையைச் சொல்லும். அவனுக்குப் பொண்ணைக் குடுப்பீரா, மாட்டீரா?"

ஹாசர்ட் அந்தக் குளிர்ந்த படியில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தார்.

"அவ உயிரோட இருந்தா குடுத்திருப்பேன்யா."