பையின் மேல் தம்பி பெயர்

ஜன்னல் வெயில் விழும் மேசையில் மெக்கானிக்கின் நீலச் சட்டை மல்லாந்து கிடக்கிறது. பையின் மேல் இரண்டு பெயர்கள்: அவருடையது, பட்டறையைப் பிரித்துக்கொண்டு போன தம்பியுடையது. தம்பி பெயரைத் தையல்காரி ஊசிமுனையால் இழை இழையாக நெம்பி எடுக்கிறாள். "பிரிண்டே போதும்னு அன்னைக்குத் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணே!" "தம்பியும் அதைத்தாம்மா சொன்னான். பிரிண்டு நாலு துவைப்புல உரிஞ்சிடும், எம்ப்ராய்டரிதான் காலத்துக்கும் நிக்கும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்." கடைசி இழையும் வந்ததும் அவள் தூசியை ஊதுகிறாள். சட்டை முழுக்க வெளுத்திருக்க, நூல் மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய நீலத்தில், தம்பியின் பெயராகவே பளிச்சென்று தெரிகிறது. மெக்கானிக் அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவுகிறார். பிறகு மேசையில் சிதறிய நூல் துணுக்குகளைப் பார்த்து, "அதக் குப்பையில போட்டுடாதம்மா" என்கிறார்.