ஆறு ஏக்கருக்கு நியாயமான விலை

"ஏழை வயித்துல அடிக்காதீங்க சார்" என்று மில்காரர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நஷ்டஈட்டுப் பிரிவின் எழுத்தர் அம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பேச்சு மில்காரரின் நிலத்தைப் பற்றி அல்ல, அவருடைய டிரைவரின் நிலத்தைப் பற்றி. ஒருவர் எத்தனை ஏக்கர் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அரசாங்கம் இந்த வருஷம் பாதியாக வெட்டிவிட்டது. அதில் டிரைவர் பேரிலிருந்த பன்னிரண்டு ஏக்கரில் ஆறு, நிலமில்லாதவர்களுக்குப் போகிறது. ஏக்கருக்கு இரண்டு லட்சம் என்று அதிகாரி விலை போட்டிருந்தார்.

டிரைவர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேசியதெல்லாம் மில்காரர்தான். மூன்று போகம் விளைகிற பூமி, கோடையிலும் வற்றாத கிணறு, தார் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று அடுக்கினார். பத்திரம், வரைபடம், பக்கத்து நிலம் விற்ற நகல் எல்லாவற்றையும் மேஜைமேல் கடை பரப்பினார். கிணற்றின் ஆழம்கூட அவருக்கு அடிக்கணக்கில் தெரிந்திருந்தது.

எழுத்தர் அம்மாவுக்கு இந்த நாற்காலியில் பதினெட்டு வருஷம். அண்ணன் பங்கைத் தம்பி அமுக்கப் பார்ப்பதும், அண்ணி கையெழுத்தைக் கொழுந்தனே போட்டுக்கொண்டு வருவதும் அவளுக்கு அத்துப்படி. அடுத்தவன் காசுக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிற மனுஷனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். வேறு யாருடைய நிலமாவது இவர் பேரில் இருக்கிறதா? அப்படியிருந்தால் நஷ்டஈடு ஒரு பைசா கிடையாது, உண்மையான சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் ஜெயில்.

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் மில்காரர் முந்திக்கொண்டார். "அவனோட சொந்த நிலம் சார். வேணும்னா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்." சொன்னபடியே மூன்று பிரதியிலும் போட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குள் அதிகாரி இறங்கி வந்துவிட்டார். ஏக்கருக்கு ஐந்து லட்சம். பழைய விலைக்குத் தயாராக இருந்த செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, முப்பது லட்சத்துக்குப் புது செக்கை டிரைவர் பேருக்கு எழுதி அவர் கையிலேயே கொடுத்தார். இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று டிரைவருக்குப் புத்தியும் சொல்லி அனுப்பினார்.

அவர்கள் போன பிறகுதான் அவர்களுக்கான சாட்சிப் பத்திர நகல் மேஜையிலேயே கிடப்பதை எழுத்தர் அம்மா கவனித்தாள். பியூனை அனுப்பியிருக்கலாம். அந்த நல்ல மனுஷனிடம் நாலு வார்த்தை பாராட்டிச் சொல்லலாமே என்று அவளே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் மில்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "செக்கைக் குடு. பேங்க்ல போட்டு எடுக்கிறதை நான் பாத்துக்கறேன். பத்து வருஷமா என் நிலத்தை உன் பேர்ல வெச்சிருந்ததுக்கு ஒரு மாசச் சம்பளம் சேத்துத் தரேன், போதுமா?"

எழுத்தர் அம்மா வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். டிரைவர் செக்கை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானையும் நிதானமாகப் போட்டுக்கொண்டார்.

"அது உங்க நிலம்னா, உள்ள போய் அதிகாரிகிட்ட சொல்லுங்க முதலாளி."