சுண்ணாம்புக் கோடு

பல் டாக்டர் லோடவெய்க் அந்தச் சீசாவைத் தன் காரில், குழந்தைக்கான இருக்கையில் படுக்க வைத்து, பெல்ட் போட்டு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து மாட்டு வண்டி வேகத்தில் கொண்டுவந்திருந்தார்.

"உங்கப்பா கலந்த பீர்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எங்க வீட்ல இன்னும் சிலது இருக்கு. இதைக் குடிச்சுப் பார்த்து நீங்கதான் சொல்லணும், ஃபிர்மின்" என்றார் என் புருஷனிடம்.

எங்கோ மூடிப்போன மதுக்கடையின் நிலவறையில் கிடைத்த சீசா. பெயர் ஒட்டியிருக்கவில்லை. வயிற்றில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு மட்டும்.

பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே எங்கள் பக்கத்துப் பழைய புளிப்பு பீர் எல்லாமே அப்படித்தான். கோடு மேலே பார்த்தபடி வருஷக்கணக்கில் படுத்தே கிடக்கும். கோடு திரும்பினால் அடியில் தங்கிய வண்டல் கலங்கிவிடும்.

என் மாமனாரின் கோட்டை எனக்குத் தெரியும். இரண்டு விரலைச் சுண்ணாம்பில் முக்கி ஒரே இழுப்பு. பிடிக்காத சரக்குக்குக் கிழவர் கோடு போடவே மாட்டார்.

பிடித்தது என்று அவர் வாயால் சொல்லியும் நான் கேட்டதில்லை. மகன் கலந்த முதல் பீப்பாயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன் என்று, பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மகனிடமே சொன்ன மனுஷர். அதற்குப் பிறகு ஊரே மெச்சியது. அவர் மட்டும் ஒரு வார்த்தை மெச்சாமல் போய்ச் சேர்ந்தார். அந்தக் காயம் என் புருஷனுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, கோடு அவருடையதுபோல்தான் இருந்தது. ஆனால் சுண்ணாம்பு என்ன எங்கள் வீட்டுச் சொத்தா? எந்தப் போலிக்காரனும் இரண்டு விரலை முக்கி இழுத்துவிடலாம். குடித்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அங்கேதான் எங்களுக்குச் சிக்கல்.

ஊர் மெச்சிய என் புருஷனின் மூக்கு, போன குளிர்காலக் காய்ச்சலோடு செத்துப்போய்விட்டது. சாணத்தை நீட்டினாலும் ரோஜாவை நீட்டினாலும் ஒரே மாதிரி தலையாட்டுவார். பல பீப்பாய் பீரை மோந்து, ருசி பார்த்துக் கலந்து விற்றுப் பிழைக்கிறவருக்கு மூக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால் கடைக்குப் பூட்டுதான். இதுவரை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் முதலில் ருசி பார்ப்பேன். பிறகு கறுப்பு ரொட்டியில் பாலாடைக்கட்டி தடவி அவர் தட்டில் வைப்பேன். மேலே முள்ளங்கி இருந்தால் சரக்கு நல்லது. வெங்காயம் இருந்தால் மோசம். கண்ணை மூடுவது, பெருமூச்சு விடுவது, மிச்ச நாடகத்தையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நன்றாகவே நடிப்பார்.

இன்றைக்கு, அப்பாவுடையது என்றால் முள்ளங்கி. போலி என்றால் வெங்காயம்.

சீசாவைக் கூடையில் படுத்த வாக்கிலேயே வைத்துத் தக்கையை உருவினேன். நடுவில் நிமிர்த்தாமல், ஒரே சாய்ப்பில் மூன்று தம்ளரிலும் ஊற்றினேன். டாக்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார், அவரிடம் பல் பிடுங்க வருகிறவர்களைப் போல.

ஒரு வாய் குடித்தேன்.

முதலில் புளிப்பு. பல் கூசி, காது மடல் வரை ஏறியது. பின்னாலேயே ஈரக்கல் வாசனை, பழைய தோல்பை வாசனை. எல்லாம் சரி.

அப்புறம் அடியிலிருந்து இன்னொன்று மெல்ல எழும்பி வந்தது.

என் கை ரொட்டிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. முள்ளங்கியையும் எடுக்கவில்லை, வெங்காயத்தையும் எடுக்கவில்லை. கண்ணீர்தான் பொலபொலவென்று கொட்டியது.

"வெங்காயமாம்மா?" என்றார் டாக்டர்.

வெங்காயம் இன்னும் தோலோடுதான் கிடந்தது.

ஃபிர்மின் மொட்டையாகக் கிடந்த ரொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு தம்ளரை அந்தச் செத்த மூக்கடியில் பிடித்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்கப்பாவேதான், டாக்டர். கிழவர் எதிர்ல நின்னு திட்டுற மாதிரியே இருக்கு."

டாக்டர் மேஜையைத் தட்டி எழுந்தார். தன் பெண்டாட்டிக்குப் போன் போட வாசலுக்கு ஓடினார்.

"நல்லவேளை நீ அழுதே. இல்லேன்னா மாட்டியிருப்பேன்" என்று கிசுகிசுத்தார் ஃபிர்மின். "அப்பாவோடதுதானே?"

"இல்ல."

முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, போலியா?"

"போலியும் இல்ல. திராட்சை வருது. எங்கப்பாவோட கண்ணாடிக் கொட்டகைத் திராட்சை."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் காதலித்த வருஷம், என் அப்பாவின் தோட்டத்தில் கறுப்புத் திராட்சையைக் கூடை கூடையாகத் திருடிக்கொண்டு போய், ஒரு பீப்பாயில் கொட்டிவைத்தது இவர்தான். அதுதான் இவர் கலந்த முதல் சரக்கு, சாக்கடையில் ஊற்றிவிட்டேன் என்று கிழவர் சொன்ன அதே பீப்பாய். "திராட்சையோட ஏன் நிறுத்தினே? உன் மாமியாரையும் சேர்த்து ஊறப்போடு!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன.

ஃபிர்மின் காலிச் சீசாவைக் கூடையிலிருந்து எடுத்து மெல்லத் திருப்பினார். சுண்ணாம்புக் கோட்டின் மேல் தன் இரண்டு விரலையும் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"கோடு போட்டிருக்காரே" என்றார்.

தம்ளரை எடுத்து ஆழமாக மோந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

கிண்ணத்தில் இருந்த முள்ளங்கி முழுவதையும் அள்ளி அவர் ரொட்டியின் மேல் குவித்தேன்.