பிடி வைத்த கூறைப் பெட்டி

"பிடியைக் கழட்டுங்கோ. பிறகு உள்ளுக்கு வாங்கோ."

மண்டப வாசலை மறித்தபடி ஸ்ரீஸ்கந்தராசா சொன்னார். பெண்ணின் பெரியப்பா. நேற்றுத்தான் லண்டனிலிருந்து ரொறன்ரோவில் வந்து இறங்கியவர். மாப்பிள்ளை வீட்டாரை இன்றுதான் முதன்முதலாகக் காண்கிறார்.

மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினவேல் அசையவில்லை. அவர் கையில் ஒரு நீள்வட்ட மரப்பெட்டி. மேப்பிள் மரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, செப்பு ஆணி அடித்துச் செய்தது. மேலே வில்லைப் போல வளைந்த ஒரு பிடி. உள்ளே மஞ்சள் பட்டு விரிப்பின்மேல் மணப்பெண் உடுக்கவேண்டிய கூறைச்சேலை. அவருக்குப் பின்னால் பழத்தட்டங்களோடு சொந்தக்காரர். அவர்களுக்கும் பின்னால், மாப்பிள்ளை விதுஷன் இருந்த கறுப்பு வான்.

"கழட்டேலாது அண்ணை. ஆணி அடிச்சு உள்ளுக்கு மடக்கினது. இழுத்தால் பெட்டி பிளந்துபோகும்."

"அப்ப கூறையை எடுத்துத் தட்டத்திலை வையுங்கோ. வெள்ளித் தட்டம் உள்ளுக்குக் கிடக்கு, எடுப்பிக்கிறன்."

"எங்கட கூறை எங்கட பெட்டியிலைதான் வரும்."

"உது ஆற்றை முறை?"

"ஷேக்கர் எண்டு அமெரிக்காவிலை பழைய கிறிஸ்தவ வேதக்காரக் கூட்டம் ஒண்டு. அவை இப்பிடித்தான் செய்வினம். நான் வகுப்புக்குப் போய்ப் பழகி, என்ர கையாலை செய்தனான்."

"வேதக்காரற்றை பெட்டியிலை கூறையோ!"

"நீங்கள் வேட்டிக்கு மேல போட்டிருக்கிற கோட்டு ஆற்றை முறை அண்ணை?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா கோட்டின் பொத்தானை இழுத்துப் பூட்டிக்கொண்டார்.

"பகிடி விடாதேங்கோ. பெட்டியைக்கூட விடுவம். உந்தப் பிடி! கடைக்குச் சாமான் வாங்கப் போற மாதிரியே கூறையைத் தூக்கிக்கொண்டு வாறது? ரெண்டு கையாலையும் ஏந்திக்கொண்டு வாறதெல்லோ மரியாதை? உள்ளுக்கு இவ்வளவு சனம் இருக்குது. மாப்பிள்ளை பகுதிக்கு முறை தெரியாதெண்டு கதைச்சால் ஆற்றை பேர் கெடும்?"

"எங்கட பேரை நாங்கள் பாப்பம்."

புஸ்பராணி கணவன் இரத்தினவேலின் சால்வையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சையப்பா, சொல்லிப்போடுங்கோவன். சொன்னால் அந்த மனிசன் விளங்கிக்கொள்ளும்."

"வாசலிலை நிண்டு காரணம் சொல்லி உத்தரவு வாங்கிற வீடோ நாங்கள்?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். கேட்டுவிட்டு வானின் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் இரத்தினவேலின் வீட்டுக் கராஜில், வளைக்கும்போது முறிந்துபோன பிடிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. முறியாமல் வளைந்தவற்றையும் அவர் லேசில் நம்பவில்லை. பெட்டிக்குள் அரிசிப் பையை வைத்துப் பிடியில் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நடந்து பார்ப்பார். ஒரு பக்கம் சற்றே சரிந்தாலும் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். சரியாத பெட்டி அமைந்த அன்று புஸ்பராணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அதன் பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்ரீஸ்கந்தராசா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பெட்டியை அப்பிடியே தட்டத்துக்கு மேல வைப்பம். எங்கட பகுதிப் பிள்ளை தனுசியா ஏந்திக்கொண்டு வரட்டும். நல்ல வடிவாய்க் கொண்டுவருவாள்."

"கூறை கொண்டுவாறது மாப்பிள்ளையின்ர சகோதரி. இவ்வளவு முறை கதைக்கிற உங்களுக்கு அது தெரியாதோ?"

"ஏன் தெரியாது? அப்ப அந்தப் பிள்ளையிட்டைத் தட்டத்தைக் குடுங்கோவன்!"

"தட்டம் வேண்டாம். என்ர மகள் இந்தப் பெட்டியிலைதான் கொண்டுவருவாள். இல்லாட்டி கூறையோட நாங்கள் திரும்பி வானிலை ஏறுறம்."

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். புஸ்பராணி கண்களை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் ஐயரின் குரல் வந்தது. "சுபநேரம் போகுது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

"அப்பிடி என்ன வீறாப்பு ஐயா உங்களுக்கு?" ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் சிவந்துவிட்டது. "கூப்பிடுங்கோ உங்கட மகளை. தூக்கிறதோ ஏந்திறதோ எண்டு அந்தப் பிள்ளையே சொல்லட்டும்."

இரத்தினவேல் நேராக வானடிக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

"கௌசி, இறங்கம்மா. அண்ணாவுக்கு நேரமாச்சு."

பச்சைப் பட்டுச்சேலையில் கௌசி இறங்கினாள். தகப்பன் நீட்டிய பெட்டியை வாங்கி ஒருமுறை உயர்த்திப் பார்த்தாள்.

"பாரமே இல்லையப்பா."

"பாரமில்லாமல்தானே செய்தனான். தலையை நிமித்திக்கொண்டு நட."

ஸ்ரீஸ்கந்தராசா அவளைப் பார்த்தார். பிறகு அவசரமாகப் படியிலிருந்து இறங்கி வழிவிட்டு, "ஊதுங்கோ, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்!" என்று நாதஸ்வரக்காரரை அதட்டினார்.

வலக்கையால் பிடியைப் பற்றி, கூறை இம்மியும் சரியாமல், வானிலிருந்து இறங்கிய அண்ணனுக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தாள் கௌசி. இடப்பக்கம், சரிகை வைத்த அவளுடைய சட்டைக் கை வெறுமையாகத் தோளோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.